முதலில் நாண், பிறகுதான் வில்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பெற்றவர்களும் விளையாட்டுக் கழகங்களை நடத்தும் தம்பிமாரும் கடைசிவரை வாசித்தால் சந்தோசம்.

எர்துகுருல் தொடரைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து நம் வாவிக்கரை ஊர்ப் பிள்ளைகளின் வாயில் வில்லும் அம்பும்தான். இப்போது அது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. வெளிநாட்டு வில் எடுப்போம், ஆளுக்கு இவ்வளவு போடுவோம் என்று காசு சேர்க்கும் யோசனைகள் வருகின்றன. எங்களிடமும் கேட்டார்கள். ஆசிரியர்கள் சிலர் கூடிக் கதைத்து நாங்கள் வந்த முடிவு இது: வில் வாங்கக் காசு சேர்க்க வேண்டாம். முதலில் பிள்ளைகள் நாண் செய்யப் பழகட்டும். தன் கையால் ஒரு நாணைத் திரித்து, பாரம் கட்டி இழுத்து, சோதித்துக் காட்டிய பிள்ளையின் கையில் மட்டும் வில்லைக் கொடுப்போம்.

காசை மிச்சம் பிடிக்கச் சொல்கிற கதை என்று நினைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறோம்.

வில்லை வளைக்கும்போது நம் கையின் பலம் வில்லுக்குள் போய்ச் சேருகிறது. விட்டவுடன் அந்தப் பலத்தை அம்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நாண். நாண் இறப்பர் மாதிரி இழுபட்டால் பலத்தில் ஒரு பங்கு அதற்குள்ளேயே கரைந்துவிடும். நாண் மொத்தமாகவும் பாரமாகவும் இருந்தால் தன்னைத் தானே தூக்கிக்கொண்டு ஓடுவதற்கே பலம் செலவாகும். நாண் அறுந்தால் நிலைமை இன்னும் மோசம். அம்புக்குப் போகவேண்டிய பலம் முழுவதும் வில்லுக்கே திரும்பும், வில் உடையும். உடைவது பிள்ளையின் முகத்துக்கு நேரே. ஆகவே நாணுக்கு மூன்று குணம் வேண்டும். இழுபடக் கூடாது, பாரமாக இருக்கக் கூடாது, அறக் கூடாது.

வில் செய்கிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வில்லை இழுக்க எவ்வளவு நிறை வேண்டுமோ, அதைப்போல் குறைந்தது 4 மடங்கை நாண் தாங்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் பழகும் வில் 20 இறாத்தல் இழுவை என்று வையுங்கள். அதன் நாண் 80 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 36 கிலோ தாங்க வேண்டும். கையில் கிடைத்த கயிற்றைக் கட்டிவிட்டு "பிஸ்மில்லாஹ்" என்று இழுக்கிற காரியம் இல்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் வில் கட்டினால் முதலில் கை போவது வீட்டில் கிடக்கும் நைலோன் நூலுக்கும் தங்கூசிக்கும்தான். மீன்பிடிக் குடும்பங்கள் நிறைந்த ஊரில் அது இயல்பு. ஆனால் வலைக்கு நல்ல குணம் நாணுக்குக் கெட்ட குணம். மீன் அடிக்கும்போது நூல் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வலை கிழியும். அதற்காகத்தான் நைலோன். நாண் இழுபட்டால் அம்பு நேரே போகாது. கட்டி ஒரு மணித்தியாலத்தில் நாண் தளர்ந்து தொங்கும். தையல் கடையில் கிடைக்கும் பொலியெஸ்டர் நூல் இதற்கு எவ்வளவோ மேல். வெளிநாட்டில் பழங்கால முறை வில்லுகளுக்குக் கட்டும் டேக்ரன் நாணும் பொலியெஸ்டர் வகைதான்.

இதைப் பாடமாக்கலாம். ஒரு தனி நூலை வளையில் கட்டி, கீழே ஒரு வாளியைத் தொங்கவிட்டு, அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ. வாளியின் நிறையையும் சேர்த்து, எந்த நிறையில் நூல் அறுகிறது என்று பிள்ளைகளே எழுதட்டும். ஐந்து முறை செய்து சராசரி எடுக்கட்டும். ஒரு நூல் 1 கிலோவில் அறுந்தால் 36 கிலோவுக்கு எத்தனை இழை? முறுக்கிலும் முடிச்சிலும் கொஞ்சம் பலம் குறையும், அதற்கு எத்தனை இழை கூட்ட வேண்டும்? கணித பாடத்தில் விகிதம் விளங்காமல் நிற்கும் பிள்ளை இங்கே அதை விரலால் எண்ணிக் கண்டுபிடிக்கும்.

அடுத்தது நம் மண்ணின் நார். மருள் என்ற செடியை மணல் வளவுகளிலும் வேலி ஓரங்களிலும் கண்டிருப்பீர்கள். வாள் போல நிமிர்ந்த இலை, பச்சையில் சாம்பல் வரி. பூச்சாடியில் மஞ்சள் கரை போட்ட ஒரு செடியை அழகுக்கு வைக்கிறோமே, அதன் சொந்தக்காரச் செடி. இதன் தாவரவியல் பெயர் நீண்ட காலம் சன்செவியேரியா சைலானிக்கா என்று இருந்தது. பெயரிலேயே இலங்கை இருக்கிறது. ஆங்கிலேயர் இந்த இனத்துக்கு வைத்த பேரே 'வில்நாண் சணல்' என்றுதான். இதன் இந்திய வகையைப் பற்றி எழுதிய ரொக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளரும் அங்குள்ள மக்கள் இந்த நாரில் வில்நாண் செய்வதைக் குறித்திருக்கிறார். வடமொழியில் இதை மூர்வா என்பார்கள். அந்தச் சொல்லும் நாணோடு சேர்ந்தே பழைய நூல்களில் வருகிறது. இத்தனை பேர் தேடித் தேடி எழுதிய செடியை நாம் வேலியோரத்தில் வெட்டி எறிகிறோம்.

நார் எடுப்பது பெரிய வித்தை இல்லை. முற்றிய இலையை அடியோடு அறுத்து, பலகையில் வைத்து, கூர் மழுங்கிய கத்தியால் அல்லது சிரட்டை விளிம்பால் ஒரே பக்கமாகச் சுரண்ட வேண்டும். பச்சைச் சதை வழிந்து போக வெள்ளை நார் மிஞ்சும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் பட்டு மாதிரி மினுங்கும். எருக்கிலும் நல்ல நார் உண்டு. அதிலும் நாண் திரித்திருக்கிறார்கள். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை அதன் பக்கம் விட வேண்டாம். மருள் போதும்.

திரிக்கும் முறையை நம் மூத்தம்மாமார் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். தும்பில் கயிறு திரித்த கை, பன் பாய் இழைத்த கை அது. நாரை இரண்டு புரியாகப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் சுற்ற வேண்டும். ஒன்று அவிழப் பார்க்கும் திசையில் மற்றது இறுகும். அதனால் கயிறு தானாக அவிழாது. நார் முடியும் இடத்தில் புது நார் சேர்க்கும்போது இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அந்த இடம்தான் முதலில் அறும். புதிய நாரின் நுனியை மெல்லியதாக்கிச் செருகினால் மொத்தம் தெரியாது. ஒரு முனையில் கண்ணி வைத்து, மறு முனையை வில்லின் வெட்டில் சுற்றி முடியலாம். அம்பு வந்து உட்காரும் நடுப்பகுதிக்கு மேலால் மெல்லிய நூலை நெருக்கிச் சுற்ற வேண்டும். விரலும் அம்பும் தேய்க்கும் இடம் அது.

இனி எங்கள் பதிவின் நடுப்பொருள்: நாணை இழுத்து அமர வைப்பது.

புதிதாகத் திரித்த நாண் கட்டாயம் நீளும். நார் நீள்கிறது என்று நினைப்போம். பெரும்பாலும் அது இல்லை. முறுக்குக்குள் ஒவ்வொரு இழையும் தன் இடத்தைத் தேடுகிறது, கண்ணி இறுகுகிறது, சேர்த்த இடங்கள் ஒன்றையொன்று பிடிக்கின்றன. இது முடியும் முன் வில்லில் ஏற்றினால், எய்ய எய்ய நீளம் மாறும். இன்று விழுந்த இடத்தில் நாளை அம்பு விழாது. ஆகவே ஒரு கண்ணியை விறாந்தை வளையில் மாட்டி, கீழ் முனையில் மணல் நிரப்பிய பையைக் கட்ட வேண்டும். 20 இறாத்தல் வில்லின் நாணுக்கு முதல் நாள் 5 கிலோ, அடுத்த நாள் 10, பிறகு 15. பை நிலத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரக் கூடாது. அறுந்தால் காலில் விழும். காலையில் அளக்க வேண்டும், நீண்டிருந்தால் மறுபடி முறுக்கிக் குறைக்க வேண்டும், திரும்பவும் தொங்கவிட வேண்டும். இரண்டு காலையும் ஒரே அளவு காட்டினால்தான் நாண் அமர்ந்தது என்று அர்த்தம். கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்து, துணியால் சூடு வரும் வரை உருவிவிட்டால் இழைகள் ஒட்டி நிற்கும், ஈரமும் இலகுவில் இறங்காது. மாரி காலத்தில் இது முக்கியம். ஈரத்தோடு சுருட்டி வைத்த நார் நாண் உக்கிப்போகும்.

அளவும் சொல்லிவிடுகிறோம். நேரான நெடும் வில்லுக்கு நாண் வில்லின் நீளத்தைவிட 3 அங்குலம் குறைவாக இருந்தால் அநேகமாகச் சரிவரும். 5 அடி வில்லுக்கு 4 அடி 9 அங்குலம். ஏற்றிய பிறகு வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையில், கையைப் பொத்திப் பெருவிரலை நீட்டி வைத்தால் தொட வேண்டும். பெரியவர் கையில் அது 6 முதல் 7 அங்குலம் வரும்.

மூன்று, நான்கு நாள் காத்திருப்பு. காணொளி 15 விநாடிக்கு மேல் ஓடினால் தள்ளிவிடும் பிள்ளைக்கு இது பெரிய சோதனை. ஆனால் எங்கள் கண்ணுக்கு இந்தப் பயிற்சியின் இலாபமே இந்தக் காத்திருப்புத்தான். நான்கு நாள் பொறுத்து நாண் அமர்த்திய பிள்ளை அந்த வில்லை எடுத்து நாய்க்கு நேரே பிடிக்காது. அவசரக்காரப் பிள்ளை நாணிலேயே நின்றுவிடும். யாரிடம் வில் கொடுக்கலாம், யாரிடம் இன்னும் கொடுக்கக் கூடாது என்பதை நாங்கள் தீர்மானிக்கத் தேவையில்லை, நாணே சொல்லிவிடும்.

இந்த அறிவு நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. காத்தான் என்ற வேடனின் பெயரால்தான் காத்தான்குடி வந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். வாகரைப் பக்கமும் களுவன்கேணியிலும் வேடர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் தமிழ் பேசிக்கொண்டு நம்மைப்போல் வாவியையும் கடலையும் நம்பி வாழ்கின்றன. செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இந்தக் கரையோர வேடருக்குத் தனி இடம் கொடுத்தார்கள். அதற்கும் முன்பு, கண்டியில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளிவந்த தன் நூலில் ஒரு விசயம் எழுதினார். காட்டு வேடர் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தங்களுக்கு வேண்டிய அம்பு முனையின் வடிவத்தை இலையில் வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அதே வடிவில் செய்து வைப்பான். யோசித்துப் பாருங்கள். இரும்புக்கு மட்டும்தான் அவர்கள் ஊருக்கு வந்தார்கள். நாணுக்கு யாரிடமும் போகவில்லை. அது காட்டு மரப்பட்டையில் இருந்தது, அவர்கள் கையில் இருந்தது.

இன்று நிலைமை என்ன? வேட்டைக்கு 1937 முதல் சட்டம் இருக்கிறது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்தபோது தம்பானைப் பக்கத்து வேடர் தங்கள் காட்டையே இழந்தார்கள். அங்கே வில் இப்போது சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டும் பொருளாகிவிட்டது. நம் கரையோரத்தில் அதுவும் இல்லை. நார் உரிக்கத் தெரிந்த ஒரு முதியவர் மௌத்தானால் அவரோடு ஒரு நூலகமே போகிறது. அவரைப் பாடசாலைக்கு அழைத்து, கதிரை போட்டு, உரிய கூலி கொடுத்து, "பிள்ளைகளுக்குச் சொல்லித் தாருங்கள்" என்று கேட்க வேண்டியவர்கள் நாம். வெளிநாட்டு வில் ஒன்றின் விலையில் எத்தனை நாள் அவரை அழைக்கலாம் என்று கணக்குப் பாருங்கள்.

பூட்டானைப் பாருங்கள். 1971 இல் வில்வித்தையைத் தேசிய விளையாட்டாக அறிவித்த நாடு. மூங்கில் வில்லில் ஊருக்கு ஊர் போட்டி நடத்திய மக்கள். பிறகு கப்பி பூட்டிய வெளிநாட்டு வில் வந்தது. வசதி உள்ளவர்கள் அதற்கு மாறினார்கள். மூங்கில் வில் பின்னால் தள்ளப்பட்டது. துருக்கியர் வேறு வழியில் போனார்கள். இஸ்தான்புல்லில் ஓக்மெய்தானி என்ற வில் மைதானம் 1453 இல் நகரம் கைமாறிய காலத்திலிருந்து வரும் பெயர். உஸ்மானிய வில்லாளர் பட்டு இழையில் நாண் கட்டினார்கள். வில் செய்பவர், அம்பு செய்பவர் என்று தனித்தனிக் கைவினைஞர் இருந்தார்கள். 2019 இல் யுனெஸ்கோ துருக்கியின் மரபு வில்வித்தையைத் தன் பட்டியலில் சேர்த்தபோது எய்கிற ஆளோடு செய்கிற ஆளின் அறிவும் சேர்ந்துதான் மதிக்கப்பட்டது. தொடரைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகள் இந்தப் பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்க்கமும் இதைத்தான் சொல்கிறது. அம்பை எய்தவருக்கு மட்டுமல்ல, நன்மையை நாடி அதைச் செய்தவருக்கும் எடுத்துக் கொடுத்தவருக்கும் கூலி உண்டு என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருப்பதை நம் உலமாக்கள் பயான்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். செய்கிறவரின் பெயர் அங்கே முன்னுக்கு நிற்கிறது.

இனி, பேசத் தயங்குகிற விசயத்துக்கு வருகிறோம்.

"என்ன சேர், காலம் கெட்டுக் கிடக்கு, புள்ளையளுக்கு வில்லும் அம்புமா குடுக்கப் போறீங்க?" என்று ஓர் உம்மா கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1990 ஆகஸ்டில் தொழுகையில் நின்றவர்களைக் கபுறுக்கு அனுப்பிய மண் இது. 2019 ஏப்ரலில் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்ட மாவட்டம் இது. அதன் பிறகு நம் வீடுகள் தேடப்பட்டன, சமையலறைக் கத்திக்கும் விளக்கம் சொன்னோம். முஸ்லிம் பையன் ஒருவன் வில் பிடிக்கும் படம் முகநூலில் போனால் அதற்குக் கீழே என்ன எழுதப்படும் என்று நமக்குத் தெரியும்.

அதற்காக விட்டுவிடலாமா? விட்டாலும் ஆசை போகாது. ஒதுக்குப்புறத்தில், பெரியவர் கண் படாமல், தங்கூசி கட்டிய வில்லோடு அது வளரும். அதைவிட மோசமானது எதுவும் இல்லை, பாதுகாப்புக்கும் சரி, பெயருக்கும் சரி. எங்கள் கருத்து: செய்வதானால் வெளிச்சத்தில் செய்வோம். அதிபரும் கோட்டக் கல்வி அலுவலகமும் பொலிசும் எழுத்தில் அறிந்திருக்க, திறந்த மைதானத்தில், யாரும் வந்து பார்க்கும்படி செய்வோம். அடுத்த ஊர்த் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளையும் அழைப்போம். ஒரு நாணுக்கு இரண்டு புரி. ஒரு புரி நம் பிள்ளை, மறு புரி அவர்கள் பிள்ளை பிடித்துத் திரிக்கட்டும். ஒருவர் விட்டால் மற்றவர் முறுக்கும் அவிழும் என்பதை எந்த நல்லிணக்கக் கருத்தரங்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது. நாண் திரிக்கும் பிள்ளையைப் பார்த்து எவரும் பயப்பட மாட்டார்கள். வில் பிடிப்பதற்கு முன் நார் உரிக்கிற, அளக்கிற, காத்திருக்கிற பிள்ளையை ஊர் பார்க்கட்டும். சந்தேகத்துக்கு நம்மிடம் உள்ள பதில் அதுதான்.

நாங்கள் முன்வைக்கும் ஒழுங்குகள் இவை. நாண் செய்து முடிக்காதவர் கையில் வில் இல்லை. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் ஒரே விதி. மூங்கில் வில், 20 இறாத்தலுக்குள். அம்புக்கு இரும்பு முனை இல்லை. வைக்கோல் கட்டும் அதன் பின்னால் மணல் மூட்டையும்தான் இலக்கு. உயிருள்ளதை இலக்காக வைப்பதை மார்க்கமே தடுத்திருக்கிறது. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அதுவும் வில்லை உடைக்கும். எய்யும் முன் ஒவ்வொரு முறையும் நாணை நுனி முதல் நுனி வரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஓர் இழை தெறித்திருந்தாலும் அந்த நாண் அன்றோடு சரி. பொறுப்பான ஆசிரியர் இல்லாத நேரத்தில் வில் அலுமாரிக்குள், பூட்டோடு.

கழகத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. டொலர் இல்லாமல் 2022 இல் நாடு பட்ட பாடு நினைவிருக்கும். வெளியிலிருந்து வந்த பொருள் பழுதானால் அதன் நாணுக்கும் வெளியைத்தான் பார்த்திருக்க வேண்டும். அறுந்த நாணைத் தன் வேலியோரத்து இலையிலிருந்து மறுபடி திரிக்கத் தெரிந்தவன் யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். பிறகு அவன் நல்ல வில் ஒன்றை வாங்கட்டும், போட்டிக்குப் போகட்டும், நாங்களே காசு சேர்த்துக் கொடுப்போம்.

இப்போதைக்கு உங்களிடம் கேட்பது காசு இல்லை. வளவில் மருள் நிற்பவர்கள் ஆளுக்கொரு கிழங்கு தோண்டித் தாருங்கள். பாடசாலை வேலியோரம் நட்டுவிடுகிறோம். கயிறு திரிக்கத் தெரிந்த மூத்தம்மா, மூத்தவாப்பா வீட்டில் இருந்தால் சொல்லுங்கள். வந்து கேட்டுப் பழகிக்கொள்கிறோம். வாகரை, களுவன்கேணிப் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் அங்குள்ள பெரியவர்களிடம் எங்கள் சலாத்தையும் அழைப்பையும் சேர்த்துவிடுங்கள். மாரி தொடங்கும் முன் நட்டால் மருள் நன்றாகப் பிடிக்கும்.